அட்டை சொல்வதும் தட்டு சொல்வதும்

ஒரு பழைய பிக் பேண்ட் மேடைப் பதிவின் மறுவெளியீடு உங்கள் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் டியூக் எலிங்டன் சிரிக்கிறார். கீழே 'லைவ், 1940கள்' என்று ஒரு வரி. ஊர் இல்லை, அரங்கம் இல்லை, தேதி இல்லை. வாத்தியக்காரர்கள் இருபது பேரின் பெயர் எல்லாப் பாட்டுக்கும் பொதுவாக ஒரே கொத்தாகக் கிடக்கிறது. ஸ்டுடியோ தட்டு என்றால் வேலை எளிது. கம்பெனியில் பதிவேடு இருக்கும், ஒவ்வொரு பாட்டுக்கும் மாட்ரிக்ஸ் எண் இருக்கும், அன்று யார் வந்தார் யார் வரவில்லை என்பதும் எழுதியிருக்கும். மேடைப் பதிவுக்கு இதெல்லாம் அபூர்வம். ரேடியோ நிலையம் வெட்டிய தட்டு, ரசிகர் வீட்டில் வெட்டிய தட்டு, ராணுவத்துக்காக அச்சடித்த தட்டு என்று ஏதோ ஒன்று பல கை மாறி இந்த சி.டி.யாக வந்திருக்கிறது. வீடு வாங்குகிறவர் தாய்ப்பத்திரம் வரை பின்னோக்கிப் போவதுபோல நாமும் போக வேண்டும்.

கேட்க வேண்டியவை மூன்று. எங்கே, எப்போது வாசித்தார்கள்? எந்தக் கருவி, எதன் மேல் பதிந்தது? யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது? பெரும்பாலோர் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். நீங்கள் இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். முதல் கேள்விக்கு அட்டை சொல்லும் பொய்யை இரண்டாவது கேள்விதான் பிடித்துக் கொடுக்கும்.

எதன் மேல் பதிந்தது?

'1940ஆம் ஆண்டின் ஒரிஜினல் டேப்பிலிருந்து' என்று ஓர் அமெரிக்கப் பதிவின் அட்டையில் பார்த்தால் அந்த லேபிளின் மற்ற வாக்கியங்களையும் சந்தேகப்படுங்கள். அமெரிக்க ரேடியோவுக்கும் இசைத்தட்டுக் கம்பெனிகளுக்கும் காந்த டேப் வந்து சேர்ந்தது 1947, 1948 வாக்கில்தான். அதற்கு முந்தைய மேடைப் பதிவு அநேகமாக எல்லாமே தட்டில் வெட்டியது: அலுமினியத் தகட்டின் மேல் அரக்குப் பூச்சு. சேகரிப்பாளர்கள் அதை 'அசிட்டேட்' என்பார்கள். போர்க்காலத்தில் அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது கண்ணாடியின் மேல் அதே பூச்சைப் பூசினார்கள். அவை எளிதில் உடையும்.

தட்டின் அளவு பதிவில் தடயம் விட்டுப் போகும். வீட்டில் வெட்டிய 10 அங்குல 78 சுழற்சித் தட்டு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் தாங்கும், 12 அங்குலம் நாலைந்து நிமிடம். தொழில்முறையாளர்கள் பயன்படுத்திய 16 அங்குல, 33⅓ சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்குக் கால் மணி நேரம் பிடிக்கலாம். எனவே ஒட்டு எங்கே விழுகிறது என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை இரைச்சலின் நிறம் மாறினால் மூலம் வீட்டுத் தட்டு. பதினைந்து நிமிடம் ஒரே சீராக ஓடினால் பெரிய தட்டு.

இதற்கு நல்ல பாடம் ஃபார்கோ. 1940 நவம்பர் 7 அன்று வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில், கிறிஸ்டல் பால்ரூம் என்ற நடன அரங்கில் எலிங்டன் குழு வாசித்தது. ஜாக் டவர்ஸ், டிக் பரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கி, தூக்கிச் செல்லக்கூடிய தட்டுவெட்டும் கருவியோடு வந்து பதிந்தார்கள். வியாபாரம் செய்யக் கூடாது என்பது நிபந்தனை. 1978இல்தான் அது முறையாக எல்.பி.யாக வந்தது, கிராமி விருதும் பெற்றது. ஜிம்மி பிளாண்டனின் பாஸ், பென் வெப்ஸ்டரின் டெனர் சாக்ஸ் இரண்டும் ஒரே குழுவில் இருந்த அந்தக் குறுகிய காலத்தின் நடன இரவு ஒன்றை ஏறக்குறைய முழுதாகத் தரும் பதிவு இது. வெப்ஸ்டரின் 'ஸ்டார் டஸ்ட்' ஒன்றுக்காகவே வாங்கலாம்.

மூலம் தேடுகிறவருக்கு ஃபார்கோ ஏன் முக்கியம்? பதிந்தவர் பெயர் தெரியும், கருவி தெரியும், இடமும் நாளும் தெரியும். டவர்ஸ் பின்னாளில் பழைய தட்டுகளைச் சீர்செய்வதில் பேர்பெற்றவரானதால் மூலத்தட்டுகளுக்கும் வெளியீட்டுக்கும் இடையே இருந்த கைகள் மிகக் குறைவு. ஆள் கணக்கும் சரிபார்க்க வசதியானது. டிரம்பெட் வாசித்த கூட்டி வில்லியம்ஸ் சில நாட்களுக்கு முன்புதான் பென்னி குட்மனிடம் போயிருந்தார். அவர் இடத்துக்கு ரே நான்ஸ் புதிதாக வந்திருந்தார். ஆகவே ஃபார்கோ என்று சொல்லி கூட்டி வில்லியம்ஸின் பெயரைப் போடும் மறுவெளியீடு பட்டியலை வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

காற்றில் பிடித்தவை

1930களிலும் 40களிலும் அமெரிக்க ரேடியோ வலையமைப்புகள் இரவு நேரத்தில் ஹோட்டல்களிலிருந்தும் நடன அரங்குகளிலிருந்தும் நேரடியாக ஒலிபரப்பின. நியூயார்க்கின் சவாய் பால்ரூம், பென்சில்வேனியா ஹோட்டலின் கஃபே ரூஷ், சிகாகோ ஷெர்மன் ஹோட்டலின் பேந்தர் ரூம், நியூஜெர்சியின் மெடோபுரூக் எல்லாம் அப்படித்தான் வீட்டு வரவேற்பறைக்குள் வந்தன. இந்த ஒலிபரப்பைத் தட்டில் பிடித்ததற்கு 'ஏர்செக்' என்று பெயர். இன்று சந்தையில் இருக்கும் பிக் பேண்ட் மேடைப் பதிவுகளில் பெரும்பகுதி இந்த வகை.

சில விஷயங்களுக்கு ஏர்செக் தவிர வேறு சாட்சியே கிடையாது. பில்லி ஹாலிடே கவுண்ட் பேஸி குழுவில் பாடிய காலத்தில் அவர் ஒரு கம்பெனியோடும் பேஸி டெக்காவோடும் ஒப்பந்தம் செய்திருந்ததால், இருவரும் சேர்ந்து ஸ்டுடியோவில் பதிய முடியவில்லை. 1937 ஜூன் 30 அன்று சவாய் பால்ரூமிலிருந்தும், நவம்பரில் மெடோபுரூக்கிலிருந்தும் ஒலிபரப்பானதைப் பிடித்ததால்தான் அந்தக் கூட்டணி எப்படி ஒலித்தது என்று நமக்குத் தெரிகிறது. இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் பதிவு வேலையை நிறுத்தியபோதும் அப்படித்தான். விக்டர், கொலம்பியா என்ற பெரிய கம்பெனிகள் 1944 நவம்பர் வரை இறங்கிவரவில்லை. 1943இல் எலிங்டன் பிராட்வேயின் ஹரிகேன் கிளப்பில் மாதக்கணக்கில் வாசித்ததை ரேடியோதான் காப்பாற்றியது. அந்த இடைவெளியில் தேதியிட்ட 'விக்டர் ஸ்டுடியோ' பதிவு என்று ஒன்று எதிர்ப்பட்டால் தேதியையும் ஸ்டுடியோவையும் சந்தேகப்படுங்கள்.

ஏர்செக்குக்குத் தேதி குறிக்க அறிவிப்பாளரே முதல் சாட்சி. பேச்சை வெட்டிவிட்டு வெறும் இசையை மட்டும் தரும் மறுவெளியீட்டை நான் பாதிப் பதிவாகவே மதிக்கிறேன். அரங்கின் பெயர், வலையமைப்பின் பெயர், 'இன்று கடைசி இரவு' என்ற ஒரு சொல் எல்லாம் பேச்சில்தான் இருக்கும்.

அடுத்தது முகப்பு இசை. எலிங்டன் 1940இல் சில காலம் 'செபியா பனோரமா'வை முகப்பு இசையாக வைத்திருந்தார். ஃபார்கோவில் கேட்பதும் அதுதான். பிறகு 'டேக் தி ஏ டிரெய்ன்' வந்தது. இந்த மாற்றத்துக்குக் காரணம் ரசனை இல்லை, பணத் தகராறு. பாடலாசிரியர் சங்கமான ஆஸ்காப்புக்கும் ரேடியோ வலையமைப்புகளுக்கும் கட்டணச் சண்டை முற்றி, 1941 ஜனவரி 1 முதல் ஆஸ்காப் உறுப்பினர்களின் பாடல்களை ரேடியோவில் வாசிக்க முடியாமல் போனது. பெரிய வலையமைப்புகளில் இது அக்டோபர் கடைசி வரை நீடித்தது. எலிங்டன் உறுப்பினர், அவர் குழுவுக்கு எழுதிய பில்லி ஸ்ட்ரேஹார்ன் உறுப்பினர் இல்லை. ஆகவே ஸ்ட்ரேஹார்ன் எழுதிய 'ஏ டிரெய்ன்' முகப்புக்கு வந்தது. இதை உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள். 1941 வசந்தத்தில் பெரிய வலையமைப்பு ஒன்றின் ஒலிபரப்பு என்று சொல்லும் தட்டில் எலிங்டனின் பழைய பாடல்கள் வரிசையாக வந்தால், தேதியை நம்பாதீர்கள்.

ஒருநாள் வித்தியாசத்துக்காக மட்டும் சண்டை போடாதீர்கள். இரவு பன்னிரண்டரைக்கு ஒலிபரப்பானதை ஒருவர் முந்தைய நாளாக எழுதுவார், இன்னொருவர் அடுத்த நாளாக எழுதுவார். பதிவு நியூயார்க்கிலா கலிஃபோர்னியாவிலா என்பதைப் பொறுத்து மூன்று மணி நேரமும் நகரும். இரண்டு பட்டியல்களில் ஒரே அரங்கம் அடுத்தடுத்த தேதிகளோடு இருந்தால் முதலில் பத்திரிகையின் ரேடியோ நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே விஷயம் தீர்ந்துவிடும்.

ராணுவத் தட்டுகள்

இந்த வேலையில் மிக அதிகமாகக் காலை வாரிவிடும் வகை இது. 1942இல் தொடங்கிய ஆர்ம்ட் ஃபோர்ஸஸ் ரேடியோ சர்வீஸ், சுருக்கமாக ஏ.எஃப்.ஆர்.எஸ்., கடல்கடந்த வீரர்களுக்காக 16 அங்குலத் தட்டுகளில் நிகழ்ச்சிகளை அச்சடித்து அனுப்பியது. 'ஒன் நைட் ஸ்டாண்ட்' தொடரில் பெரிய நடனக் குழுக்கள் எல்லாம் உண்டு. கறுப்பினக் கலைஞர்களுக்காகவே அமைந்த 'ஜூபிலி' தொடரும் உண்டு. ஒலித்தரம் அருமை. பெயர் தெரியாத கருவியில் வெட்டிய வீட்டுத் தட்டைவிட எத்தனையோ மேல். மறுவெளியீட்டாளர்கள் இவற்றை விரும்பியதில் வியப்பில்லை.

சிக்கல் எங்கே என்றால், ராணுவத்துக்கு வரலாறு தேவைப்படவில்லை, அரை மணி நேர நிகழ்ச்சி தேவைப்பட்டது. விளம்பரதாரர் பெயரையும் விளம்பரத்தையும் வெட்டினார்கள். வெட்டிய இடத்தை நிரப்ப வேறொரு நாளின் ஒலிபரப்பிலிருந்து ஒரு பாட்டைச் செருகினார்கள். முகப்பு இசையை வேறெங்கிருந்தாவது எடுத்து ஒட்டுவதும் உண்டு. தட்டின் மேல் உள்ள எண் நிகழ்ச்சியின் வரிசை எண்தான், அதிலிருந்து ஒலிபரப்பான நாளைக் கணக்கிட முடியாது. ஆகவே ஒரு 'ஒன் நைட் ஸ்டாண்ட்' தட்டில் உள்ள எட்டுப் பாட்டுக்கும் ஒரே தேதி போட்டிருக்கும் சி.டி.யைக் கண்டால், எட்டையும் தனித்தனியே விசாரியுங்கள். கைதட்டலின் எதிரொலி பாட்டுக்குப் பாட்டு மாறுகிறதா, பியானோவின் தூரம் மாறுகிறதா என்று பாருங்கள். ஹாரி மெக்கென்ஸியும் லோதர் போலோம்ஸ்கியும் 1991இல் இந்தத் தொடரின் முதல் ஆயிரத்தொரு நிகழ்ச்சிகளுக்கு ஒரு பட்டியல் நூல் தந்தார்கள். இந்த வேலையில் இறங்குகிறவர் அதைத் தாண்டிப் போக முடியாது.

நியூபோர்ட்: பெரிய கம்பெனியும் விதிவிலக்கில்லை

திருட்டு லேபிள்கள்தான் ஏமாற்றும், பெரிய கம்பெனி சொன்னால் சரியாக இருக்கும் என்ற எண்ணம் உங்களுக்கு இருந்தால் 'எலிங்டன் அட் நியூபோர்ட்' அதைப் போக்கிவிடும். 1956 ஜூலை 7 இரவு, ரோட் ஐலண்டின் நியூபோர்ட் ஜாஸ் விழா. 'டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் புளூ' என்ற 1937ஆம் ஆண்டுப் படைப்பின் நடுவே பால் கான்சால்வெஸ் டெனர் சாக்ஸில் 27 சுற்றுத் தனி வாசிக்க, கூட்டம் எழுந்து ஆடியது. எலிங்டனின் மவுசு மீண்டும் ஏறியது அந்த இரவில்தான். கொலம்பியாவின் எல்.பி. அவருடைய தட்டுகளிலேயே மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்று.

ஆனால் அந்த எல்.பி.யில் மேடைப் பதிவு பாதிகூட இல்லை. விழாவுக்கென்று எழுதிய தொகுப்பு மேடையில் திருப்தியாக அமையவில்லை. ஜூலை 9 அன்று குழு ஸ்டுடியோவுக்குப் போய் மீண்டும் வாசித்தது. தயாரிப்பாளர் ஜார்ஜ் அவாகியான் அதன் மேல் கைதட்டலை ஏற்றினார். கான்சால்வெஸின் தனி மட்டும் மேடையில் நடந்ததுதான், ஆனால் எல்.பி.யில் அவர் தூரத்தில் நின்று வாசிப்பதுபோலக் கேட்கும். அவர் கொலம்பியாவின் மைக்கை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த, அமெரிக்க அரசு வானொலியான வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் மைக்கில் வாசித்திருந்தார்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1996இல், வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் டேப் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடைத்தது. மறுவெளியீட்டைத் தயாரித்த ஃபில் ஷாப் இரண்டு மோனோ டேப்புகளையும் ஒன்றுக்கொன்று பொருத்தி, ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் வைத்து ஸ்டீரியோவாக்கினார். 1999இல் இரட்டை சி.டி. வந்தது. ஸ்டுடியோவில் வாசித்தவை அதில் தனியாக, ஸ்டுடியோ என்ற பெயரோடு உள்ளன. இப்போது கான்சால்வெஸ் கூடத்தில் நம் எதிரே நிற்கிறார்.

ஆக, 'நியூபோர்ட் 1956' என்று எழுதிய எந்த மறுவெளியீட்டையும் வாங்குமுன் அது எல்.பி.யின் வாரிசா, 1999இன் வாரிசா என்று கேளுங்கள். மோனோவா ஸ்டீரியோவா என்பதே முதல் பதில். 1958ஆம் ஆண்டு நியூபோர்ட் எல்.பி.யிலும் பெரும்பகுதி ஸ்டுடியோதான். கைதட்டலை வைத்து மேடை என்று முடிவு கட்டக் கூடாது. பாட்டு முடிந்து வரும் கைதட்டல் பின்னணியில் மெல்லப் பெருகிப் பின் ஒரே சீராக மறைந்தால் அது ஒட்டியது. உண்மையான கூட்டம் பாட்டின் நடுவிலும் இருமும், கத்தும், நாற்காலியை இழுக்கும்.

பென்னி குட்மனின் 1938 ஜனவரி 16 கார்னகி ஹால் கச்சேரிக்கும் இதேபோல இரண்டு வம்சங்கள். மேடைக்கு மேல் தொங்கிய ஒற்றை மைக்கிலிருந்து தட்டில் வெட்டியது. பன்னிரண்டு ஆண்டு கிடப்பில் கிடந்து 1950இல் கொலம்பியா எல்.பி.யாக வந்தபோது இரண்டு பாட்டுகள் விடுபட்டிருந்தன. 1999 சி.டி. மூலத்தட்டுகளுக்கே திரும்பிப் போய் அவற்றைச் சேர்த்தது, ஊசியின் இரைச்சலையும் அப்படியே விட்டது. இரைச்சல் அதிகம் என்று குறைப்பட்டவர்கள் பலர். என் கட்சி இரைச்சலின் பக்கம். வடிகட்டினால் சிம்பலின் நுனியும் கூடத்தின் காற்றும் சேர்ந்தே போய்விடும். மூலம் தேடுகிறவருக்கு அவை இரண்டும் வேண்டும்.

காதுக்கு வேலை

இரண்டு லேபிள்கள் ஒரே பாட்டை வெவ்வேறு தேதியோடு விற்கின்றன. இரண்டும் ஒரே பதிவுதானா? தனி வாசிப்பு ஒன்றாக இருக்கிறது என்பதால் மட்டும் ஆம் என்று சொல்லிவிடாதீர்கள். நடனக் குழுக்களில், தட்டில் புகழ்பெற்ற தனியை அப்படியே திரும்ப வாசிப்பது வழக்கம். கேட்க வந்தவர்கள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். வாசிப்பவர் திட்டமிடாதவற்றைப் பிடியுங்கள்: பிசிறிய ஒரு டிரம்பெட் சுரம், கூட்டத்தில் ஒருவர் போட்ட சத்தம், அறிவிப்பாளர் தடுமாறிய இடம். இப்படி மூன்று இடங்கள் ஒன்றாக வந்தால் ஒரே பதிவு.

நேர அளவு மட்டும் ஒத்துவராமல் போகலாம். பழைய கருவிகளின் சுழற்சி துல்லியமானதில்லை. நான்கு நிமிடப் பாட்டு 3 நிமிடம் 46 நொடியில் முடிந்தால் வேகம் ஆறு சதவீதம் கூடியிருக்கிறது, சுருதி அரைக் கட்டை ஏறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பியானோ ஒன்று போதும். பிக் பேண்டின் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும் பி ஃபிளாட், ஈ ஃபிளாட் வாத்தியங்கள். அவர்களுக்காக எழுதியவர்கள் எஃப், பி ஃபிளாட், ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட் போன்ற சுருதிகளையே விரும்பினார்கள். முழுக் குழுவும் பி அல்லது ஈ சுருதியில் சாவகாசமாக ஆடுவதாகக் கேட்டால் தப்பு உங்கள் பிரதியில்.

கணினியில் அலைவரிசைப் படம் பார்க்கத் தெரிந்தவர்கள் மின்சார முனகலையும் தேடலாம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், ஐரோப்பா 50. அமெரிக்க அரங்கின் பதிவில் 50இல் ஒரு கோடு தெரிந்தால் இடையில் ஐரோப்பாவில் ஒரு பிரதி எடுத்திருக்கலாம். வேகத்தைத் திருத்த 60ஐ நம்புமுன், அந்த முனகல் முதல் கருவியுடையதா, பின்னால் பிரதி எடுத்த கருவியுடையதா என்று யோசியுங்கள்.

கட்டடங்களுக்கும் ஆயுள் உண்டு. லாஸ் ஏஞ்சலஸின் பாலோமர் பால்ரூம் 1939 அக்டோபரில் எரிந்து போனது, சார்லி பார்னெட் குழு தன் இசைத்தாள்களை எல்லாம் அதில் இழந்தது. நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் கிளப் 1949 டிசம்பரில்தான் திறந்தது. ஹார்லெமின் காட்டன் கிளப் 1936இல் பிராட்வேக்கு இடம் மாறி 1940இல் மூடியது. 'பாலோமர், 1941' என்று ஓர் அட்டை சொன்னால் அது சாம்பல் மேட்டிலிருந்து ஒலிபரப்பு.

கை மாறிய கதை

நியூயார்க்கின் போரிஸ் ரோஸ் வீட்டில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் ரேடியோவைத் தட்டில் பிடித்தவர். அவற்றை ஓசோன், ஆல்டோ, செஷன் டிஸ்க், சாஸர் என்று விதவிதமான லேபிள் பெயர்களில் வெளியிட்டார். வியாபார முறையை மெச்ச முடியாது, வாசித்தவர்களுக்குக் காசு போகவில்லை. ஆனால் அவர் பிடிக்காவிட்டால் பல இரவுகள் நமக்கு இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பில் சேவரி என்ற ஒலிப்பொறியாளரின் கதை இதற்கு நேர் எதிர். 1930களின் கடைசியில் தரமான கருவியில் அவர் பிடித்த தட்டுகள் ஏறக்குறைய ஆயிரம். அவர் இருந்தவரை அநேகமாக யாருக்கும் அவற்றைக் கேட்கக் கிடைக்கவில்லை. 2010இல் ஹார்லெமில் உள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன.

ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை ஐம்பது ஆண்டாக இருந்து 2013இல்தான் எழுபதானது. அதற்குள் உரிமை முடிந்தவை முடிந்தவைதான். அதனால் 1962 வரை வெளியானவற்றை அங்கே யாரும் அச்சடிக்கலாம். ஒரே சி.டி.யை நான்கு லேபிள்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எடுப்பது இதனால்தான். முதல் வெளியீட்டின் அச்சுப்பிழைகூட நான்கிலும் வரும். அந்தப் பிழையே வம்சத்தைக் காட்டிக் கொடுக்கும்.

பட்டியல் நூல்களில் எலிங்டனுக்கு மஸாக்லியும் வொலொந்தேயும் தொகுத்த 'நியூ டெசார்', குட்மனுக்கு ரஸ்ஸல் கானர், பேஸிக்கு கிறிஸ் ஷெரிடன், கிளென் மில்லருக்கு ஜான் ஃபிளவர். ஆவணங்களுக்கு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் ஆய்வு நிறுவனம், எலிங்டனுக்கு ஸ்மித்சோனியன், மில்லருக்கு கொலராடோ பல்கலைக்கழகம். எலிங்டனின் சொந்த டேப்புகளை அவர் மகன் மெர்சர் டென்மார்க் வானொலிக்குக் கொடுத்தார். மூன்று நூல்கள் ஒரே தேதியைச் சொன்னால் மூன்று சாட்சி என்று எண்ணாதீர்கள். பின்னால் வந்த இரண்டும் முதல் நூலைப் பார்த்து எழுதியிருக்கலாம்.

உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் தனி வரி போடுங்கள். அட்டை சொல்லும் தேதி ஒரு கட்டத்தில், நீங்கள் கண்ட தேதி மறு கட்டத்தில், அதற்கு ஆதாரம் மூன்றாவதில். ஆதாரக் கட்டம் காலியாக இருந்தால் நடுக் கட்டத்தையும் காலியாகவே விடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வில்லிஸ் கோனோவரின் ஜாஸ் நிகழ்ச்சி 1955 முதல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் சிற்றலையில் உலகெங்கும் ஒலித்தது. 1963இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய பயணத்தில் எலிங்டன் குழு மெட்ராஸுக்கும் கொழும்புக்கும் வந்தது. உங்கள் வீட்டுப் பரணில் அந்தக் காலத்து டேப் சுருள் ஏதும் இருந்தால் ஓட்டிப் பார்க்க அவசரப்படாதீர்கள். முதலில் அது இருக்கும் பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுங்கள். தாத்தா பென்சிலில் கிறுக்கிய தேதியும் நிலையத்தின் பெயரும் அதன் மேல்தான் இருக்கும். புதுப் பெட்டிக்கு மாற்றினாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள்.